தவணை பாக்கியோடு பறக்கும் விண்கலம்

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆட்டக்காரரின் பாத்திரம் செத்துப்போகலாம். 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராவலர்’ என்ற மேசை விளையாட்டின் விதி அது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனைக் காகிதத்தில் உருவாக்கி, விண்வெளிச் சாரணர் பிரிவில் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு நான்காண்டுப் பணிக்காலத்துக்கும் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் பிழைத்தான். வராவிட்டால் அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்தவனை உருவாக்க வேண்டியதுதான். உடலுறுதி மிக்கவனுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 21-இல்தான் 7-ம் அதற்கு மேலும் வரும். அதாவது, ஒவ்வொரு முறையும் சாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 42 சதவீதம்.

கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் மேசையில் நடப்பதைப் பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும். ஒவ்வொரு பணிக்காலமும் பாத்திரத்துக்குப் புதிய திறமை தருகிறது: கலம் ஓட்டுவது, எந்திரம் பழுது பார்ப்பது, வைத்தியம், சூதாட்டம். இன்னும் நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தால் இன்னொரு திறமை. 34 வயதிலிருந்து மூப்பு வேறு உடலை அரிக்கத் தொடங்கும். போதும் என்று விலகுவதா, இன்னொரு முறை துணிந்து பார்ப்பதா? கதை தொடங்கும் முன்பே ஆட்டக்காரர் நகத்தைக் கடிக்கிறார். கடைசியில் மேசைக்கு வந்து சேர்வது பளபளக்கும் இளவரசன் அல்ல. பதவி உயர்வு கிடைக்காமல் விண்படையை விட்டு வந்த, கையில் கொஞ்சம் ஓய்வுப் பணமும் மனத்தில் நிறைய மனக்குறையும் உள்ள 38 வயதுக்காரர். அப்படி ஒருவர் என்ன செய்வார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வகை விளையாட்டைப் பழகாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ரோல்பிளேயிங் கேம் என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே நடத்தும் கதை. ஒருவர் நடுவர், உலகத்தை வர்ணிப்பவரும், வழியில் எதிர்ப்படும் எல்லோருக்குமாகப் பேசுபவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்ற சந்தேகம் வரும்போது பகடை தீர்ப்பு சொல்லும். வெற்றி தோல்வி கிடையாது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு வழி திறந்தது. வாளும் மந்திரமும் நிறைந்த ஆட்டம் அது. இரண்டே ஆண்டில் ஜேம்ஸ் வார்டின் ‘மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா’ ஆட்டத்தை விண்வெளிக்கு ஏற்றியது. அடுத்த ஆண்டு, இலினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரிலிருந்து இயங்கிய கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப், கறுப்புப் பெட்டிக்குள் மூன்று மெல்லிய கறுப்புப் புத்தகங்களை வைத்து விற்றது. அதுதான் டிராவலர். வடிவமைத்தவர் மார்க் மில்லர், முன்னாள் ராணுவ அதிகாரி. ஃபிராங்க் சாட்விக், ஜான் ஹார்ஷ்மன், லோரன் வைஸ்மன் ஆகியோர் துணை நின்றார்கள்.

அறிவியல் புனைவில் இப்படி ஓர் ஆட்டத்தை உருவாக்குவது மந்திரக் கதையில் உருவாக்குவதைவிடக் கடினம். காடு, கோட்டை, ராஜா என்றால் ஆட்டக்காரருக்குப் பாதி உலகம் ஏற்கெனவே தெரியும். வேற்றுக் கிரகத்தில் விண்கலத்தின் கதவு திறக்கும்போது அவருக்கு எதுவுமே தெரியாது. வெளியே மூச்சுவிட முடியுமா? துப்பாக்கியோடு இறங்கலாமா? ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நடுவர் அந்த நொடியிலேயே பதில் சொல்ல வேண்டும். முன்கூட்டியே எல்லாக் கிரகங்களையும் எழுதி வைக்க எவராலும் முடியாது.

மில்லர் இதற்கு இரண்டு விடைகள் கண்டார். முதலாவது, பயண விதி. விண்கலம் ஒரே தாவலில் 1 பார்செக், அதாவது சுமார் 3.26 ஒளியாண்டு, போகும். நல்ல எந்திரம் இருந்தால் 6 பார்செக் வரை. எவ்வளவு தூரம் தாவினாலும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பும் கருவி எதுவும் இந்த உலகத்தில் இல்லை. கடிதமும் கலத்தில்தான் போக வேண்டும்.

இந்த ஒரு விதியிலிருந்து ஓர் அரசியலே முளைத்துவிடுகிறது. எல்லையில் கலகம் வெடித்தால் தலைநகருக்குத் தெரிய மாதங்கள் பிடிக்கும். அதுவரை உள்ளூர் ஆளுநர் வைத்ததே சட்டம். திருடன் தன்மீது போடப்பட்ட பிடியாணைக்கு முன்பே அடுத்த கிரகம் போய்ச் சேரலாம். சிக்கலில் மாட்டிய கலத்தின் தலைவர் மேலிடத்தைக் கேட்க வழியில்லாமல் தானே முடிவெடுத்தாக வேண்டும். ஆட்டக்காரர்களின் முடிவுக்கு எடை வருவது இப்படித்தான். எல்லோர் கையிலும் உடனுக்குடன் பேசும் கருவியைக் கொடுத்திருந்தால் பாதிக் கதைகள் ஒரே அழைப்பில் முடிந்திருக்கும்.

இரண்டாவது விடை, உலகங்களையும் பகடையால் செய்வது. ஒரு கிரகத்தை உருட்டிப் பார்க்கலாம். அளவுக்கு இரண்டு பகடைகளைப் போட்டு 2-ஐக் கழிக்க வேண்டும். 7 விழுந்தால் அளவு 5, அதாவது சுமார் 8,000 கிலோமீட்டர் விட்டம், செவ்வாயைவிடச் சற்றுப் பெரியது. காற்று மண்டலத்துக்கு 6 விழுந்து, 7-ஐக் கழித்து அளவைக் கூட்டினால் 4 வருகிறது. மெல்லிய, மாசுபட்ட காற்று; வடிகட்டி முகமூடி இல்லாமல் நடமாட முடியாது. நீருக்கு விழுந்தது வெறும் 3. பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். மக்கள்தொகைக்கு 11 விழுந்துவிட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள்! அரசுக்கு உருட்டினால் மக்களை வசீகரித்து ஆளும் ஒரு சர்வாதிகாரி வருகிறார். சட்டத்தின் கெடுபிடி 9; வீட்டுக்கு வெளியே எந்த ஆயுதமும் கூடாது.

நடுவரின் வேலை தொடங்குவது இப்போதுதான். தண்ணீரும் போதாத, காற்றும் சரியில்லாத இடத்தில் இத்தனை பேர் ஏன் வாழ்கிறார்கள்? மண்ணுக்கடியில் ஏதோ விலைமதிப்புள்ளது கிடைக்கிறதா? முகமூடியின் வடிகட்டியைத் தயாரிப்பது யார்? அந்தத் தொழிற்சாலை சர்வாதிகாரியின் கையில் இருந்தால், அவர் மக்களுக்குப் பிரியமானவராக இருப்பதன் பொருளே மாறிவிடுகிறது. பகடை தந்த முரண்பாட்டுக்குக் காரணம் தேடும்போது ஊர் உயிர் பெறுகிறது. யோசித்து எழுத உட்கார்ந்திருந்தால் இந்தக் கிரகம் பெரும்பாலான நடுவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இனி, பணம். டிராவலரில் 200 டன் அளவுள்ள சாதாரண வணிகக் கலம் ஒன்றின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். ஐந்தில் ஒரு பங்கு முன்பணம் கட்டினால், மிச்சத்துக்கு 40 ஆண்டு மாதத் தவணை. மாதம் 1,54,500. வரவு என்ன? முதல் வகுப்புப் பயணி தலைக்கு 10,000, சரக்கு டன்னுக்கு 1,000. எரிபொருள், சிப்பந்திகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சரக்குக் கிடைக்காத கிரகத்தில் இறங்கிய மாதம் தவணை உதைக்கும். கையில் காசில்லாதவர்களுக்கு 1,000 கிரெடிட்டில் உறைநிலைப் பயணம் உண்டு; உறக்கத்திலிருந்து எழுப்பும்போது ஆறில் ஒருவர் எழுந்திருக்காமல் போகலாம்.

இந்த எண்களின் ஊடாக மில்லர் செய்திருக்கும் காரியம் அபாரமானது. மர்மமான ஒரு பெட்டியை, கேள்வி கேட்காமல், இரட்டிப்புக் கூலிக்கு அடுத்த கிரகத்தில் சேர்க்கச் சொல்லி ஒருவர் வருகிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு உண்டு. ஆனால் தவணைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. நடுவர் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, கடன் தள்ளுகிறது. நல்ல விதி என்பது நடுவர் வாய் திறக்காதபோதும் கதையை நகர்த்துவது. ஆட்டம் வடிவமைக்க நினைப்பவர்கள் பலரும் நட்சத்திர வரைபடத்திலும் வேற்றுலகவாசிகளின் வம்சாவளியிலும் மாதக்கணக்கில் மூழ்கிவிட்டு இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

எந்த உணர்வு வேண்டுமோ அதற்கேற்ற விதி வேண்டும். 2018-இல் ஷான் மெக்காய் வெளியிட்ட ‘மதர்ஷிப்’ விண்வெளித் திகில் ஆட்டம். அதில் ஒவ்வொரு தோல்வியும் பாத்திரத்தின் மன அழுத்தத்தைக் கூட்டும். அழுத்தம் ஏற ஏற, நெருக்கடியில் அவர் பீதியடைந்து குழம்பும் வாய்ப்பும் ஏறும். பயமுறுத்தும் வர்ணனையை நடுவர் தேடி அலைய வேண்டியதில்லை. தாளில் ஏறிக்கொண்டே போகும் எண்ணே வயிற்றைக் கலக்கும்.

விதிகளை எழுதி முடித்ததும் வடிவமைப்பாளருக்கு வருவது மிகக் கசப்பான கட்டம்: தன்னை அறியாத ஒரு குழுவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் ஒதுங்கி நிற்பது. அவர் மனத்தில் மட்டும் இருந்து காகிதத்துக்கு வராத விதிகள் எல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வரும். வெளியான பிறகும் திருத்தம் நிற்பதில்லை. உருவாக்கத்திலேயே செத்துப்போவதற்கு மாற்றாக, காயத்தோடு பணியை விட்டு விலகும் விருப்ப விதி டிராவலரின் 1981 பதிப்பிலேயே வந்தது. 2008-இல் மங்கூஸ் நிறுவனத்துக்காகக் கேரத் ஹன்ரஹன் எழுதிய பதிப்பு இன்னொன்றையும் சேர்த்தது. இரண்டு ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரங்களின் கடந்தகாலத்தை ஒரே சம்பவத்தில் இணைத்துக்கொண்டால் இருவருக்கும் ஒரு திறமை கூடுதலாகக் கிடைக்கும். முன்பின் தெரியாத நால்வர் ஏன் ஒரே கலத்தில் பயணம் செய்கிறார்கள் என்ற பழைய தலைவலி அதோடு தீர்ந்தது.

மேசையில் பிறந்தவை மேசையோடு நின்றுவிடவும் இல்லை. வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987-இல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தின் புத்தகங்களை லூக்காஸ்ஃபிலிம் நிறுவனமே நாவலாசிரியர் டிமதி சானிடம் துணைநூல்களாகக் கொடுத்தது. 1991-இல் வந்த ‘ஏர் டு தி எம்பயர்’ அவற்றைப் பயன்படுத்தி எழுதப்பட்டது. ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரின் சூரியக் குடும்பம் அதற்கும் ஒருபடி மேல். டை ஃபிராங்க் பல ஆண்டுகள் நண்பர்களுக்கு நடுவராக இருந்து நடத்திய ஆட்டத்தின் உலகம் அது. அந்த ஆட்டத்தில் சேர்ந்த எழுத்தாளர் டேனியல் ஆப்ரஹாம் இதை நாவலாக்கலாம் என்றார். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பொதுப் புனைபெயரில் இருவரும் எழுதிய முதல் நாவல் 2011-இல் வந்தது, பிறகு தொலைக்காட்சித் தொடரானது. கதையின் தொடக்கத்திலேயே ஷெட் என்ற மருத்துவ உதவியாளர் சட்டென்று இறந்துபோவது வாசகர்களை உலுக்கும். அந்தப் பாத்திரமாக ஆடியவர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார் என்பதே அந்தச் சாவின் பின்னணி.

நடுவராக உட்கார விரும்புகிறவர்கள் முழு விண்மீன் மண்டலத்தையும் எழுத வேண்டாம். மூன்று கிரகங்கள், ஒரு பழைய கலம், ஒரு கடன்காரர் போதும். என்ன நடக்க வேண்டும் என்று எழுதி வைக்காமல், யாருக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். மிச்சத்தை ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த விஷயம் மேசையில் வர வேண்டாம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் மேசைப் பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கத் தடை எதுவும் இல்லை. இரண்டு பகடை, பென்சில், காகிதம், மூன்று நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆரம்பித்துப் பாருங்கள்.