தெய்வத்தின் மானும் கமக்காரனின் வயலும்

சில நாட்களுக்கு முன்னர், வள்ளியம்மையின் வரலாற்றை மாணவர்க்கு விளக்கிக்கொண்டிருந்தோம். வள்ளியம்மை மானின் வயிற்றிற் பிறந்தவள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடந்து, வேடர் தலைவனாகிய நம்பியால் எடுத்து வளர்க்கப்பட்டவள். பருவம் வந்ததும் பரண்மீதிருந்து தினைப்புனங் காத்தவள். இவ்வளவும் சொல்லி முடித்ததும், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, கிளி வந்தால் ஆலோலம் பாடி ஓட்டினாள். மான் வந்து தினையைத் தின்றிருந்தால் என்ன செய்திருப்பாள்?" என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயின் இனம் ஒரு புறம். வளர்த்த குடியின் உணவு மறு புறம். இவற்றுள் எதைக் காப்பது? இதே வினாவை யப்பான் தேசத்தில் ஒரு நகரம் பல நூற்றாண்டுகளாக எதிர்நோக்கி வருகின்றது. அந்நகரின் கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

நாராவின் மான்கள்

நாரா என்னும் நகரம் கி.பி. 710 முதல் 784 வரை யப்பானின் தலைநகராய் விளங்கியது. அங்குள்ள கசுகா ஆலயம் 768ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கிழக்கே கசிமா என்னும் தலத்திலிருந்த தெய்வம் வெண்மான் ஒன்றின்மீது ஏறி இங்கு வந்து கோயில்கொண்டது என்பது ஐதிகம். எமக்கு மயிலும் இடபமும் எப்படியோ, நாரா மக்களுக்கு மான் அப்படி; அது தெய்வத்தின் தூதாகப் போற்றப்பட்டது. திருக்கோணேசுவரஞ் செல்லும் வழியிற் கோட்டையினுள்ளே மான்கள் அச்சமின்றி உலாவுவதைக் கண்ட நேயர்கள், நாராவின் வீதிகளை ஒருவாறு மனக்கண்ணிற் காணலாம்.

முற்காலத்தில் அங்கே மானைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்பர். நாரா மக்கள் வைகறையில் எழும் பழக்கமுடையோர் என்பதற்கு வேடிக்கையான காரணமொன்றும் வழங்குகின்றது. தம் வீட்டு வாசலில் மான் இறந்து கிடந்தால் பழி தம்மேல் விழுமே என்றஞ்சி, விடியுமுன் எழுந்து பார்ப்பார்களாம். கிடந்தால் மெல்ல அயல்வீட்டு வாசலுக்கு இழுத்து விடுவார்களாம்!

நீதிபதியின் வினா

யப்பானியக் கதை சொல்லிகள் மேடையிலே கூறிவரும் பழைய கதையொன்று இங்கு நினைக்கத் தக்கது. நாராவில் ஓர் ஏழை, சோயா அவரையை அரைத்துத் தோபு என்னும் உணவுக்கட்டி செய்து விற்றுப் பிழைத்தான். ஒரு நாள் விடியற்காலையில் ஏதோ ஒரு பிராணி அவன் கடைவாசலில் வைத்திருந்த அவரைச் சக்கையைத் தின்றது. நாயென்று எண்ணி விறகுக் கட்டையை எறிந்தான். கிட்டச் சென்று பார்த்தபோது, செத்துக் கிடந்தது மான்.

வழக்கு நீதிபதி முன் வந்தது. கடைக்காரனோ பொய் சொல்லத் தெரியாதவன். அவனைக் காப்பாற்ற விரும்பிய நீதிபதி, இறந்த பிராணிக்குக் கொம்பில்லையே, இது நாயன்றோ என்றார். மானின் கொம்பு உதிர்வதுண்டு என்பதை அவர் அறியாரோ என்று மான் காவல் அதிகாரி மறுத்தார். அப்போது நீதிபதி வேறொரு வினாவை எழுப்பினார். மான்களின் தீனிக்கென அரசு ஆண்டுதோறும் கொடுக்கும் பணம் எங்கே போகின்றது? அதிகாரிகள் அதனை வட்டிக்குக் கொடுத்துப் பொருள் தேடுவதாற்றானே, பசித்த மான் ஏழையின் கடைக்கு வந்தது? முதலில் அதனை விசாரிப்போமா? அதிகாரி வாயடைத்து, இறந்தது நாயே என ஒப்புக்கொண்டார். கடைக்காரன் உயிர் தப்பினான்.

இது நகைப்புக்குரிய கதைபோலத் தோன்றினும், நீதிபதி கேட்ட வினா நகைப்புக்குரியதன்று. தெய்வத்தின் மானுக்கு உணவளிக்கும் கடன் யாருடையது?

அழிவும் பெருக்கமும்

காலம் மாறியது. மெய்சி ஆட்சியின் தொடக்கத்திற் பழைய பக்தி தளர்ந்தது. 1873இல் எஞ்சியவை 38 மான்களே. பின்னர் பாதுகாப்பினாற் பெருகிய கூட்டம் இரண்டாம் உலக யுத்தத்தின் பஞ்சத்தில் மீண்டும் சுருங்கி, 1945இல் 79 ஆயிற்று. 1957இல் நாராவின் மான்கள் தேசத்தின் இயற்கைச் சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. 2024இல் பூங்காவில் எண்ணப்பட்டவை 1,300க்கு மேல். இம்மான்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தனிப்பட்ட மரபுவழியைக் காத்து வந்துள்ளன என 2023இல் வெளியான மரபணு ஆய்வொன்று தெரிவித்தது. சுற்றுப்புறங்களில் வேட்டையால் மானினம் அழிந்தபோது, ஆலயத்தின் நிழலில் இவை பிழைத்தன. பக்தி ஓர் உயிர்க்குலத்தைக் காத்தது என்பதை நாம் மறுத்தலாகாது.

ஆயினும் மான் எல்லைக்கல்லைப் படித்தறியாது. பூங்காவின் புல் போதாதபோது அயற் கிராமங்களின் நெல்வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இரவிற் செல்லும். நாற்று நட்ட வயலிலே சில மான்கள் ஓரிரவு மேய்ந்தால் ஒரு போகத்தின் உழைப்பு விடியுமுன் போய்விடும். நகரத்தில் உல்லாசப் பிரயாணி பிஸ்கோத்துக் கொடுத்து மகிழ்கின்றான். கடைக்காரன் வருமானம் பெறுகின்றான். வயலின் ஓரத்தில் நிற்கும் கமக்காரனுக்கோ நட்டம் ஒன்றே மிச்சம்.

பொறுமையிழந்த கமக்காரர் 1979இலும் 1981இலும் நீதிமன்றம் ஏறினர். 1985இல் இணக்கம் ஏற்பட்டது. நகரும் சுற்றுப்புறமும் நான்கு வலயங்களாக வகுக்கப்பட்டன. நடுவிலே மான் முற்றாகக் காக்கப்படும். தொலைவிலுள்ள வலயத்திற் பயிரைக் காக்க அதனைப் பிடிக்கலாம். ஆனால் தெய்வத்தின் மானைக் கொல்லும் துணிவு எளிதில் வரவில்லை. 2017இலேதான், ஆண்டுக்கு 120 என்னும் வரம்புடன், புற வலயத்திற் பொறிவைத்துப் பிடித்துக் கொல்லும் பணி தொடங்கியது.

பயிரழித்த மான்களிற் சிலவற்றைக் கொல்லாது, வேலியடைப்பினுள் ஆயுள் முழுவதும் வைத்துக் காக்கும் வழக்கமும் அங்கு இருந்துவந்தது. கேட்பதற்கு இது கருணையாகத் தோன்றும். ஆனால் அடைபட்ட மான்கள் போதிய உணவின்றி மெலிகின்றன என 2023இல் மிருக வைத்தியரொருவர் முறையிட்டார். அரசாங்க விசாரணையும் நடைபெற்றது. கொல்லாமை என்பது கொல்லாதிருத்தல் மட்டுமன்று, காக்கும் பொறுப்பை ஏற்பதும் ஆகும் என்பதை இது உணர்த்துகின்றது.

ஏன் இந்நிலை?

நாராவின் துன்பம் நாடெங்குமுள்ள துன்பத்தின் ஒரு துளியே. 2021இல் யப்பானில் மான்களால் விளைந்த பயிர்ச்சேதம் 600 கோடி யென்னுக்கு மேல். அவ்வாண்டில் வேட்டையாலும் பொறியாலும் கொல்லப்பட்ட மான்கள் 7 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றிற் சிறு பகுதியே உணவாகப் பயன்படுகின்றது.

இதற்குக் காரணம் மானின் பேராசையா? அன்று. மானைத் தின்று அதன் தொகையை அளவிற் காத்து வந்த ஓநாயை மனிதன் அழித்தான். யப்பானில் அறியப்பட்ட இறுதி ஓநாய் 1905இல், அதே நாரா மாகாணத்தின் மலைக்கிராமமொன்றிற் கொல்லப்பட்டது. மானினம் அருகியபோது பெண்மானை வேட்டையாடுதல் நெடுங்காலந் தடுக்கப்பட்டது. தொகை பெருகிய பின்னரும் அத்தடை உடன் நீங்கவில்லை. இளைஞர் பட்டினம் சென்றனர். கைவிட்ட கழனிகள் புதராகி மானுக்குப் புகலிடமாயின. துவக்கு ஏந்துவோரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அறுபது வயது கடந்த முதியோர். எனவே, கமக்காரன் இன்று பொறி வைப்பது மனிதர் பலர் செய்த பிழைகளின் முடிவில் நின்றே.

கொல்லாமலே காக்க முயன்றவர்களும் அவர்களின் முன்னோரே. மலையடிவாரங்களிலே கல்மதில் எழுப்பினர். மூங்கிற் குழாயில் நீர் நிரம்பியதும் அது சாய்ந்து நீரைச் சிந்தி, மீண்டு கல்லில் மோதி ஒலியெழுப்பும் கருவியொன்றையும் அமைத்தனர். மானையும் பன்றியையும் வெருட்ட வயலில் வைத்த அக்கருவி, இன்று செல்வர் வீட்டுப் பூந்தோட்டங்களில் அழகுப் பொருளாய் விளங்குகின்றது. கமக்காரனின் கவலை பட்டினத்தானின் இன்பமானதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

எமது கருத்து

மானைக் கொல்லும் கமக்காரனைப் பாவியென்று பழித்தல் எளிது. அவன் வயலில் ஒரு போகமேனும் நின்று பாராதவர் அவ்வாறு பழித்தல் அறமாகாது. மானைப் பயிர்ப் பகையென்று முற்றாக ஒழித்தலும் அறமாகாது. ஓர் உயிரை ஊர் முழுவதும் போற்றுமாயின், அதனால் வரும் நட்டத்தையும் ஊர் முழுவதும் பகிர்தல் வேண்டும். வேலிக்கும் இழப்பீட்டுக்கும் பொதுப்பணம் செல்லுதல் வேண்டும். அதற்கு மேலும் கொல்ல நேர்ந்தால், எத்தனை, எங்கே, எவ்வாறு என்பதை எல்லாருமறிய முடிவுசெய்து, அப்பழியையும் எல்லாரும் ஏற்றல் வேண்டும். கமக்காரன் ஒருவனே நட்டத்தையும் பழியையும் சுமக்கும்படி விடுவது, இறந்த மானை அயல்வீட்டு வாசலுக்கு இழுத்துவிட்ட பழைய நாரா வாசியின் செயலையே ஒக்கும்.

மறுநாள் வகுப்பில் இக்கதை முழுவதையும் கூறி, "வள்ளியம்மை முதலில் நல்ல வேலியொன்று கேட்டிருப்பாள்" என்றோம். அம்மாணவன் விடவில்லை.

"அந்த வேலிக்குக் காசு கொடுப்பது யார், ஐயா? தினைப்புனக்காரரா, மானைக் கும்பிடுகிறவரா?"

முந்திய நாளினும் இது நல்ல வினா. பழைய நீதிபதி கேட்டதும் இதுவேயன்றோ?