அபயமிட்டவர் காத்திருந்த கரை

புனித பூமி யாத்திரை என்றதும் பெத்லகேமின் குகையும் எருசலேமின் வெறுங் கல்லறையுமே மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆயினும் பெரும்பாலான யாத்திரைக் குழுக்களின் முதல் நாள் மத்தியதரைக் கடலின் கரையிலேயே கழிகின்றது. 2023 ஒக்ரோபரில் மூண்ட போரின் பின்னர் அங்கு செல்வோர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. அதற்கு முன்னர், 2019ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஐரோப்பிய நகரமொன்றிலிருந்து புறப்பட்ட தமிழ்க் குழுவொன்றுடன் அக்கரைக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. குழுவில் பெரும்பாலோர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்த கத்தோலிக்கர். சில குடும்பங்கள் தென்னிந்திய திருச்சபையினர். சைவக் குடும்பத்தில் பிறந்த நான் பத்திரிகைக்காரனாகவே உடன் சென்றேன்.

எங்களுட் பலரிடம் கடவுச்சீட்டு இல்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கையின் பெயர் பொறித்த பயணப் பத்திரமே இருந்தது. இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. புறப்பட்ட விமான நிலையத்திலேயே அதனைப் புரட்டிப் பார்த்த அலுவலர் எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். அரை மணி நேரம் நின்றோம். ஓரமாக நிற்பதில் எமக்குப் பழக்கம் உண்டு, எவரும் முறையிடவில்லை.

ரெல் அவீவ் விமான நிலையம் லொட் என்னும் நகரின் அருகே அமைந்துள்ளது. அதுவே வேதாகமம் கூறும் லித்தா. "இராயப்பர் லித்தாவிலிருந்து யோப்பாவுக்கும், யோப்பாவிலிருந்து செசரியாவுக்கும் போனவர். இண்டைக்கு நாங்களும் அதே வழியாலதான் போறம்" என்று பஸ்ஸில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி சுவாமியார் சொன்னார். பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் அழைக்கும் பழைய வழக்கு எங்கள் கத்தோலிக்க முதியோரிடம் இன்னும் அழியவில்லை.

யோப்பா இன்றைய யாஃபா. தோல் பதனிடுபவரான சீமோனின் வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தை வெளியில் நின்றே பார்த்தோம். பேதுரு கண்ட தரிசனத்தை நினைவூட்டும் பிரான்சிஸ்கன் சபையாரின் ஆலயத்தில் முதல் திருப்பலி நடைபெற்றது. கடவுளின் கட்டளைக்கு அஞ்சி ஓடிய யோனா இத்துறைமுகத்திலேதான் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். அவர் பயணக் கட்டணம் செலுத்தியதைக் கூட யோனாவின் நூல் குறிக்கத் தவறவில்லை. "ஏஜென்சிக்காரன் எவ்வளவு எடுத்தவனாம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, சுவாமியாரும் சிரித்துவிட்டார்.

ஆனால் அத்துறைமுகத்துக்கு அண்மைக்கால நினைவொன்றும் உண்டு. 1948க்கு முன்னர் யாஃபாவில் சுமார் 70,000 அரபு மக்கள் வாழ்ந்தனர். அவ்வாண்டுப் போரில் ஏறத்தாழ 4,000 பேரே அங்கு எஞ்சினர். பலர் இதே துறையிலிருந்து படகேறிக் காசாவுக்கும் லெபனானுக்கும் சென்றனர். பழைய கல்வீடுகளின் வாசல்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த எம்மவர் இதனை அறிந்ததும் சற்று நேரம் கமராவைத் தாழ்த்தினர். பூட்டிய வீட்டின் பொருளை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தொலைவில் செசரியா. கி.மு. 22 அளவில் ஏரோது மன்னன் இந்நகரைக் கட்டத் தொடங்கினான். இத்தாலியிலிருந்து தருவித்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து, நீருக்கடியிலும் இறுகும் சாந்தினால் அவன் அமைத்த துறைமுகம் இன்று கடலுள் அமிழ்ந்து கிடக்கின்றது. 1961இல் இங்குள்ள அரங்கில், படிக்கட்டாகப் பயன்பட்ட ஒரு கல்லிற் பொந்தியு பிலாத்துவின் பெயர் வெட்டப்பட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. மூலக்கல் எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளது; நாம் கண்டது அதன் படியையே.

அரங்கை அடுத்துக் கடலுள் நீண்டிருக்கும் பாறையில் அரண்மனையொன்றின் அடித்தளம் தெரிகின்றது. ஆளுநரின் இருப்பிடமாயிருந்த அம்மாளிகையிலேதான் பவுல் காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்று கருதப்படுகின்றது. அங்கே நின்றபோது, ஆசிரியை ஒருவர் தம் தந்தையாரின் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தார். கேட்கக் கேட்க, எமது வழக்குக் கோப்பு ஒன்றையே வாசிக்கிறாரோ என்று தோன்றியது.

எருசலேமில் உயிராபத்து நேர்ந்ததால் இரவோடிரவாகப் பவுல் இங்கே கொண்டுவரப்பட்டார். ஆளுநர் பேலிக்ஸ் அவரைப் பலமுறை அழைத்துப் பேசினான், தீர்ப்புச் சொல்லவில்லை. கைக்கூலி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஆளுநர் மாறினான். புதிதாக வந்த பெஸ்து, விசாரணையை எருசலேமில் நடத்தலாமா என்று வினவினான். வழியிலேயே அவரைக் கொன்றுவிட அங்கு சிலர் திட்டமிட்டிருந்தனர். திரும்பிச் செல்ல மறுத்த பவுல், உரோமைப் பேரரசனிடம் மேன்முறையிட்டார். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்று 1951 உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் இக்கரையில் நின்று ஒரு மனிதர் வேண்டியதும் அதுவே.

மேன்முறையீடு என்று நாம் இன்று வழங்குவதை அப்பழைய வேதாகமம் 'அபயமிடுதல்' என்ற சொல்லாற் குறிக்கின்றது. பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பழக்கம் என்னை விட்டபாடில்லை. அச்சொல்லில் நான் நின்றுவிட்டேன். அபயம் என்றால் அடைக்கலம். புகலிடம் கோருவதும் மேன்முறையிடுவதும் ஐரோப்பிய அலுவலகங்களில் வெவ்வேறு படிவங்கள், வெவ்வேறு கெடுக்கள். தமிழில் அவ்விரண்டும் ஒரே குரலாகவே ஒலித்திருக்கின்றன.

அங்கிருந்த முதிய தாயொருவர் என் கையைப் பற்றினார். அவருடைய இளைய மகனின் விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. பத்திரம் இல்லாமையால் அவன் யாத்திரைக்கு வர இயலவில்லை.

"தம்பி, சின்னப்பற்ற கேசுக்குக் கடைசியில என்ன முடிவு வந்தது?"

அவர் கப்பலேற்றி உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார் என்றும், அங்கும் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார் என்றும், தீர்ப்பைச் சொல்லாமலே நூல் முடிகின்றது என்றும் கூறினேன்.

"அந்த ரெண்டு வருசமும் என்ன செய்தவர்?"

"வாடகை வீட்டில இருந்தவர் அம்மா. தேடி வந்த எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் கதைச்சவர்."

அவர் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் குனிந்து சிப்பி ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அன்றிரவு நாசரேத்து விடுதியின் முன்கூடத்தில் அவர் தொலைபேசியிற் பேசுவது கேட்டது. மகனுக்கு அவர் நாசரேத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. "அறைக்குள்ள பூட்டிக்கொண்டு கிடக்காத ராசா. ஆரும் வந்தால் கதவைத் திற. ஒரு தேத்தண்ணி எண்டாலும் ஊத்திக் குடு" என்றார்.

யாத்திரையின் முதல் நாளிலேயே அந்தத் தாய் தேடி வந்தது அவருக்குக் கிடைத்துவிட்டது.