சேலை ஒண்ணு, கணக்கு மூணு: ஸ்டேட் எங்கே இருக்கணும்?

இன்னைக்கு ஸ்டேட் பத்தி. இதை நான் இளம்பிள்ளையில ஒரு சேலைக் கடைக்குத் தப்பாப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சேலம் பக்கம் இளம்பிள்ளை, தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கிற ஊர். அங்க எங்க மாமா கடைக்கு ரியாக்ட்ல ஒரு சைட் பண்ணிக் கொடுத்தேன். மயில்கழுத்துக் கலர்ல ஒரு சேலை, இருந்தது ஒரே பீஸ். ஒரு அம்மா அதைக் கார்ட்ல போட்டாங்க. லிஸ்ட்ல உடனே "ஸ்டாக் இல்லை"ன்னு மாறிடுச்சு. ஆனா கீழ "இதையும் பாருங்க" பகுதியில அதே சேலை "1 இருக்கு"ன்னு நிக்குது. அக்காவும் தங்கச்சியும் ஒரே மாதிரி கட்டலாமேன்னு அதையும் அமுக்கிட்டாங்க. ரெண்டு சேலைக்குக் காசு வந்தாச்சு. மாமா போன் பண்ணி, "மாப்ள, இன்னொண்ணை நானே தறியில உக்காந்து நெய்யட்டுமா?"ன்னாரு.

தப்பு எங்கன்னா, ஒவ்வொரு காம்பொனன்ட்லயும் ஸ்டாக்கை ப்ராப்ஸ்ல வாங்கி, யூஸ்ஸ்டேட்ல போட்டு வச்சிருந்தேன். யூஸ்ஸ்டேட்டுக்கு நாம கொடுக்கிற மதிப்பை அது முதல் ரெண்டர்ல மட்டும்தான் எடுத்துக்கும். அப்புறம் ப்ராப்ஸ் மாறினாலும் கண்டுக்காது. அதாவது நான் எழுதினது ஒரு கணக்கு இல்லை, ஒரே சேலைக்கு மூணு தனித்தனி கணக்கு.

இது நமக்கு மட்டும் நடக்கிறது இல்லை. ஃபேஸ்புக்லயே ஒரு காலத்துல சாட்ல "1 புது மெசேஜ்"னு காட்டும், திறந்தா ஒண்ணும் இருக்காது. சரி பண்ணுவாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப வரும். 2014 எஃப்8 மாநாட்டுல ஜிங் சென் இந்த உதாரணத்தை வச்சுத்தான் ஃப்ளக்ஸ் முறையை விளக்கினாங்க: டேட்டா ஒரே திசையில ஓடணும், ஸ்டோர்தான் அதை மாத்தணும். அடுத்த வருஷமே டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் ரீடக்ஸ் கொண்டு வந்தாங்க.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. மூணு காம்பொனன்ட்டுக்கும் பொதுவான பேரன்ட்ல ஸ்டாக்கை வச்சு, ப்ராப்ஸா கீழ அனுப்பியிருந்தாலே போதும். ஆனா புதுசா ஒரு சுத்தியல் கிடைச்சா சும்மா இருப்போமா? தேடுற பெட்டியில டைப் பண்ற எழுத்து, மெனு திறந்திருக்கா மூடியிருக்கா, எல்லாத்தையும் ரீடக்ஸ்ல கொட்டினேன். அதெல்லாம் அந்தந்த காம்பொனன்ட்லயே இருக்க வேண்டியது.

அதுக்கப்புறமும் அடி விழுந்துச்சு. ஒருத்தர் டேபைத் திறந்து வச்சுட்டு சாப்பிடப் போயிட்டாரு. அதுக்குள்ள அதே சேலை இன்னொருத்தருக்கு வித்துப்போச்சு. அவர் திரும்பி வந்து பாக்கிறப்போ என் ரீடக்ஸ் ஸ்டோர் "1 இருக்கு"ங்குது. மூணு காம்பொனன்ட்டும் இப்போ ஒத்துமையாப் பொய் சொல்லுது!

அப்போதான் உறைச்சுது. ஸ்டாக் பிரவுசரோட சொத்தே இல்லை, சர்வரோடது. நம்மகிட்ட இருக்கிறது ஒரு நகல், அதுவும் பழசாகிட்டே இருக்கிற நகல். டான்ஸ்டாக் கொரி மாதிரி லைப்ரரிகள் இதை ஒத்துக்கிட்டே வேலை செய்யுது: நகலைக் கேச்ல வச்சுக்கும், நீங்க டேபுக்குத் திரும்பி வந்தா, அது பழசாயிருந்தா மறுபடி சர்வர்கிட்ட கேட்கும். இருந்தாலும் கடைசித் தீர்ப்பு ஆர்டர் போடுற நொடியில சர்வர்லதான். ஸ்டாக் 0-க்கு மேல இருந்தா மட்டும் ஒண்ணு குறை, இல்லேன்னா ஆர்டரை மறுத்துடு. பார்க்கிறதும் குறைக்கிறதும் ஒரே அப்டேட்ல நடக்கணும், நடுவுல இன்னொரு ஆர்டர் புகுந்துடக் கூடாது.

ரீடக்ஸை மொத்தமாத் தூக்கிட்டேன். கார்ட் மட்டும் கான்டெக்ஸ்ட்ல இருக்கு. ஆனா மாமா கல்லாவுல நேரா விக்கிற சேலை எந்த ஸ்டோருக்கும் தெரியாதே? அதனால பில் புக்கை உள்ள வச்சுட்டு, கடையில வித்தாலும் அதே சைட்லதான் பில் போடணும்னு சொல்லியிருக்கேன். முதல் வாரம் திட்டினாரு. இப்போ கடைப் பையன் பில் போட மறந்தா அவரே கத்துறாரு.