கடிகாரம் ஆட்டாத ஹிப்னாடிசம்

ஹிப்னாடிசம் என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் சங்கிலிக் கடிகாரத்தை ஆட்டுவார். எதிரே இருப்பவர் கண் சொருகி, சொன்னதையெல்லாம் செய்வார். சக்தி முழுவதும் ஆட்டுகிறவர் கையில், உட்கார்ந்திருப்பவர் வெறும் பொம்மை. இந்த ஓர் எண்ணத்தைத்தான் இன்று நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்த நிலை எப்படிப்பட்டது? தூக்கம் இல்லை, மயக்கமும் இல்லை. விறுவிறுப்பான தொடர்கதையில் மூழ்கியிருக்கும்போது அடுப்படியில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நமக்குத் தெரிவதில்லை அல்லவா? காது நன்றாகத்தான் இருக்கிறது. கவனம்தான் அங்கே இல்லை. அப்படிக் குவிந்த கவனத்தைப் பேசிப் பேசி வரவழைத்து, அந்த நேரத்தில் மனம் ஏற்கும்படி ஒன்றைச் சொல்வது, அதாவது கருத்தேற்றம், அவ்வளவுதான் விஷயம். பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறந்து எழுந்து போய்விடலாம்.

இதற்கு முதலில் கடை விரித்த மெஸ்மர் என்ற மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. வியன்னாவிலிருந்து 1778இல் பாரிஸுக்கு வந்தவர், உடம்புக்குள் காந்தம் போல ஒரு திரவம் ஓடுகிறது, அதைத் தன்னால் திருப்பிவிட முடியும் என்றார். கூட்டம் அலைமோதியது. 1784இல் அரசர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். வேதியியல் மேதை லவாய்சியரும் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்ளினும் அதில் இருந்தார்கள். பிராங்ளின் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் சீடர் தெஸ்லோன் ஆப்ரிகாட் மரம் ஒன்றுக்கு மட்டும் ‘காந்தம்’ ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, காந்தம் ஏற்றாத மரங்களாகப் பார்த்துக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது, இருமல் வந்தது. நான்காவது மரத்தில் மயங்கியே விழுந்துவிட்டான். ஆப்ரிகாட் மரமோ 24 அடி தள்ளி நின்றது!

திரவம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு அறிக்கை எழுதியது. சரிதான். ஆனால் பையன் மயங்கியது நிஜமாயிற்றே? எனக்கென்னவோ கதையின் சுவாரசியமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த முனையைப் பிடித்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர் என்றே சொல்லலாம்: கோவாவில் பிறந்த பாதிரியார் ஃபாரியா. 1813இல் பாரிஸில் கூட்டம் கூட்டிச் செய்துகாட்டிய அவர், இது என்னிடமிருந்து வருவதல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்திலிருந்து வருவது என்றார். பஞ்சிமில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு பெண்ணின் மேல் இரு கைகளையும் நீட்டி, அசல் ஆட்டுவிப்பவர் மாதிரியே நிற்கிறார், பாவம்!

அதற்குப் பிறகும் நெடுங்காலம் சிகிச்சை என்றால் பெரும்பாலும் உத்தரவுதான். ‘தூங்கு’, ‘வலி போய்விட்டது’. அந்தத் தொனியை மாற்றியதில் அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் அதட்டமாட்டார்; கதை சொல்வார். கண்ணை இப்போதே மூடலாம், மெதுவாகவும் மூடலாம் என்கிற ரீதியில் பேச்சு போகும். எதைச் செய்தாலும் அது நோயாளியின் விருப்பமாகவே இருக்கும்.

இன்னொரு பக்கம், 1959இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்ஸன்ஹோஃபரும் ஹில்கார்டும் ஓர் அளவுகோல் செய்தார்கள். எழுதிவைத்த ஒரே வாசகத்தை எல்லோருக்கும் படித்துக்காட்டி, யார் எவ்வளவு தூரம் போகிறார் என்று மதிப்பெண் போடுவது. சிலர் சட்டென்று உள்ளே போனார்கள், சிலருக்கு அறவே வரவில்லை, பெரும்பாலோர் நடுவில். பல வருடம் கழித்துச் சோதித்தாலும் ஒருவரின் மதிப்பெண் அதிகம் மாறுவதில்லை. வாசகம் ஒன்றே, கேட்பவர்தான் வேறு. அப்படியானால் சக்தி யாரிடம் இருக்கிறது?

இன்றைய சிகிச்சை எப்படி இருக்கும் என்று பார்க்க மான்செஸ்டருக்குப் போவோம். ஐபிஎஸ் என்று ஒரு தொல்லை உண்டு (போலீஸ் பதவி அல்ல): எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கும், ஆனால் வயிறு வலிக்கும், உப்பும், கழிப்பறைக்கு விரட்டும். டாக்டர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் அடங்காத 30 பேரைச் சோதித்து 1984இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொள்கிறார். அங்கே கதகதப்பு பரவுவதாக உணர்கிறார். குடலின் ஓட்டத்தை, சீராக ஓடும் ஆறாக நினைத்துப் பார்க்கிறார். வெறும் ஆலோசனையும் போலி மாத்திரையும் பெற்றவர்களைவிட, இப்படி ஹிப்னாடிச சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஒரு வருடம் மருந்து சாப்பிட்டும் தீராவிட்டால் இதையும் பரிசீலிக்கலாம் என்று 2008இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் சேர்த்துக்கொண்டது.

நடிக்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறதா? 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கையைச் சுடுநீரில் வைத்தவர்களிடம் வேதனை குறைகிறது, கூடுகிறது என்று கருத்தேற்றம் செய்து மூளையைப் படமெடுத்தார்கள். சூட்டை உணரும் பகுதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. அது எவ்வளவு வேதனை என்பதோடு தொடர்புள்ள பகுதி மட்டும் ஏறி இறங்கியது.

இதே திறமைக்கு இன்னொரு முகமும் உண்டு. கதகதப்பைக் கற்பனையில் உணரும் மனம், நடக்காத சம்பவத்தையும் நடந்ததாக உணரும். அதை அடித்துச் சொல்லவும் செய்யும். ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகளை நம்ப முடியாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985இலேயே எச்சரித்தது. ஆகவே முற்பிறவியைக் காட்டுகிறேன், தொலைந்த நகை இருக்குமிடம் சொல்கிறேன் என்பவரிடம் போகவேண்டாம். வயிற்றுக்கும் வலிக்கும் பல் பிடுங்கும் பயத்துக்கும் போகலாம். அதுவும் முதலில் ஒரு மருத்துவரிடம் உடம்பைக் காட்டிவிட்டு, இந்தப் பயிற்சி பெற்ற மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ.