நெடுந்தீவிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு கோல்

குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரொறன்ரோவில் இருக்கும் மகளின் குரலோ நொடியில் வந்துவிடும், வீட்டு இணையம் ஒழுங்காக இருந்தால்.

குரல் அழைப்புக்குப் பெரிய வேகம் வேண்டாம். நொடிக்கு 100 கிலோபிட் போதும். தாமதமும் தடங்கலும் இல்லாததே முக்கியம்.

ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு; நயினாதீவும் நெடுந்தீவும் கடல் நடுவே. சிக்னல் தீவுக்குத் தீவு மாறும்; ஒரே தீவிலும் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என எந்தத் தொலைபேசி நிறுவனமானாலும், பக்கத்து வீட்டாரின் சிம்மை இரவல் வாங்கி, இரவு 8 மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து பேசிப் பார்ப்பது நல்லது.

மின்சாரம் நின்றால் றவுட்டரும் அணையும். சிறிய பற்றரி அவசியம்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையமும் இலங்கைக்கு வந்தது. கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் எட்டாத வீட்டுக்கு அது உதவும். கருவியின் விலையையும் மாதக் கட்டணத்தையும் முதலில் கூட்டிப் பார்க்க வேண்டும்.