முடக்கு வாதத்தில் மூட்டுச் சவ்வழற்சி

மூட்டுச் சவ்வழற்சி என்பது மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஏற்படும் அழற்சி ஆகும். முடக்கு வாத நோயில் இவ்வழற்சி நீடித்து நிலைபெறுகிறது. விரல் கணுக்களின் வீக்கம், காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் விறைப்பு, பின்னாளில் எலும்பு அரிக்கப்பட்டுக் கைகள் கோணலாதல் ஆகிய யாவும் இச்சவ்விலேயே தொடங்குகின்றன. இங்கு என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றிய ஆய்வுகளே இந்நோயின் மருத்துவத்தை மாற்றியமைத்தன.

தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களைச் சேர்ந்த நோயாளிகள் பலர் இந்நோய்க்காகப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையை நாடுகின்றனர். அங்குள்ள மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை, தென்னிந்தியத் தமிழர்களிடம் காணப்படும் முடக்கு வாதத்தின் மரபணு, நோயெதிர்ப்புக் கூறுகளைத் தனியே ஆராய்ந்துள்ளது.

பெயர்க் குழப்பம்

முடக்கு வாதம் தமிழில் சரவாங்கி என்றும் வழங்கப்படுகிறது. பேச்சு வழக்கில் "வாதம்" என்னும் சொல் மூட்டுவலி, பக்கவாதம், இளம்பிள்ளை வாதம் ஆகிய மூன்றையும் குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ, அங்கு இரத்தம் கசிவதாலோ வருவது; இளம்பிள்ளை வாதம் தீநுண்மத்தால் வருவது. முடக்கு வாதத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. முதுமையில் முழங்கால் குருத்தெலும்பு தேய்வதும் வேறு நோயே. தேய்மானத்தில் வலி பொதுவாக நடந்தால் மிகும், ஓய்வில் குறையும். முடக்கு வாதத்திலோ ஓய்வுக்குப் பின்னரே விறைப்பு மிகுதியாக இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாததால் "வயதானால் வரும் வலி" என்று எண்ணி மாதங்களைக் கடத்துவோர் உண்டு. உண்மையில் இந்நோய் பெரும்பாலும் நடுவயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மூன்று மடங்கு தாக்குகிறது.

சவ்வில் நிகழ்வது

நலமான மூட்டுச் சவ்வின் உள்வரிசை ஒன்று அல்லது இரண்டு உயிரணுக்களின் தடிப்பே உடையது. அதில் இருவகை உயிரணுக்கள் உள்ளன. ஒன்று கழிவுகளை விழுங்கும் பெருவிழுங்கி. மற்றொன்று மூட்டுக்கு வழுவழுப்பைத் தரும் நீர்மப் பொருள்களைச் சுரக்கும் நார்முன்னுயிரணு. முடக்கு வாதத்தில் இவ்வுள்வரிசை பத்து அடுக்குக்கும் மேலாகத் தடிக்கக்கூடும். அதனடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் வந்து குவிகின்றன. தடித்த சவ்வு ஒரு படர்கொடி போலக் குருத்தெலும்பின் மேல் ஏறிப் பரவுகிறது. அதன் நார்முன்னுயிரணுக்கள் சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கின்றன. சவ்வு அனுப்பும் சைகைகளால் தூண்டப்பட்ட எலும்பழிக்கும் உயிரணுக்கள் எலும்பின் ஓரத்தைக் குடைகின்றன. குடையப்பட்ட எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வீக்கம் மருந்தால் வடியலாம். கோணலான விரல் மருந்தால் நேராவதில்லை.

நோய் முதலில் பற்றுவது பெரும்பாலும் மணிக்கட்டு, விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, கால்விரல்களின் அடிக்கணு ஆகியவற்றையே. விரல் நுனிக்கணு பொதுவாகத் தப்பிவிடும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. நிலக்கடலை வகைகள் அவ்வூரின் பெயரையே சுமப்பவை. நிலக்கடலையும் நெல்லும் விளையும் இவ்வட்டாரத்தில் களை பறித்தல், நாற்று நடுதல், கடலைக் காய் ஆய்தல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெண்களின் விரல்களாலேயே நடைபெறுகின்றன. நோய் முதலில் பறிப்பது அவ்விரல்களின் பிடியை, அதாவது நாள்கூலியை.

ஆய்வின் வரலாறு

இந்நோயைத் தனி நோயாக முதலில் விவரித்தவர் பிரான்சின் இலாந்திரே-போவே (1800). இன்று மருத்துவ உலகில் வழங்கும் பெயரை 1859 இல் ஆல்பிரட் கேரட் சூட்டினார். 1940 இல் எரிக் வாலர் நோயாளிகளின் இரத்தத்தில் முடக்குவாதக் காரணி என்னும் பிறபொருளெதிரியைக் கண்டார். உடல் தன்னையே தாக்குகிறது என்னும் கருத்துக்கு இது வித்திட்டது. 1948 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் கார்ட்டிசோன் கொடுத்தபோது படுக்கையில் கிடந்த நோயாளி சில நாள்களில் நடந்தார். 1950 இல் ஹெஞ்சு உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும் நீண்ட நாள் உட்கொண்டால் எலும்பு மெலிவு, நீரிழிவு, கண்புரை ஆகிய தீங்குகள் நேரும் என்பது விரைவில் தெரியவந்தது. மருத்துவர் கண்காணிப்பின்றி இவ்வகை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவோரிடம் இன்றும் இத்தீங்குகள் காணப்படுகின்றன. வலி மறைவதால் நோய் குணமாயிற்று எனத் தோன்றுவதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

இன்று உலகெங்கும் முதல் மருந்தாக வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட்டின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1940களில் அமெரிக்காவின் இலெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் பொருள்களை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். (கதர் உடுத்தியதால் அவருக்கு உயர்ந்த பட்டம் மறுக்கப்பட்டது என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.) அம்மருந்துகள் முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கே பயன்பட்டன. 1951 இல் ரிச்சர்ட் குப்னர் அவ்வகையுள் ஒன்றான அமினோப்டெரினை முடக்கு வாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அக்காலத்தில் கார்ட்டிசோனின் மேல் இருந்த மோகத்தால் இக்கண்டுபிடிப்பு முப்பதாண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1980களின் நடுவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளுக்குப் பின்னர், 1988 இல் அமெரிக்கா இந்நோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டை ஏற்றது. சுப்பாராவ் 1948 இலேயே மறைந்துவிட்டார்.

இம்மருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும், குறைந்த அளவில் கொடுக்கப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடாகும். விலை குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கு "வெள்ளிக்கிழமை மாத்திரை" என்பது போலக் கிழமையின் பெயரால் சொல்லித் தருவது இத்தவறைத் தடுக்க உதவும்.

சவ்வையே நேரடியாக ஆராய்ந்ததன் முதற்பெரும் பயன் இலண்டனில் விளைந்தது. அறுவைச் சிகிச்சையின்போது அகற்றப்பட்ட மூட்டுகளின் சவ்வு உயிரணுக்களை ஃபியோனுலா பிரென்னன், மார்க் ஃபெல்ட்மன், இரவீந்தர் மைனி ஆகியோர் வளர்ப்பூடகத்தில் வளர்த்தனர். அவ்வுயிரணுக்கள் பலவகை அழற்சிப் புரதங்களைச் சுரந்தன. அவற்றுள் கட்டி நசிவுக் காரணி என்னும் ஒன்றைத் தடுத்தபோது பிறவும் அடங்கின. 1989 இல் வெளியான இம்முடிவு எதிர்பாராதது. பல புரதங்கள் ஒரே வேலையைச் செய்யும்போது ஒன்றை மட்டும் தடுப்பதால் பயன் இராது என்றே பலர் எண்ணியிருந்தனர். 1992 இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு இக்காரணியைத் தடுக்கும் மருந்து செலுத்தப்பட்டது. மைனி பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மருந்துகள் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு தடை எழுந்தது. கட்டி நசிவுக் காரணி, காசநோய்க் கிருமியை உடலுக்குள் சிறை வைத்திருக்கும் உயிரணுக் கோட்டையைக் காக்கும் காரணிகளுள் ஒன்று. அதைத் தடுத்தால் உறங்கும் கிருமி விழித்தெழலாம். 2001 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இம்மருந்து பெற்றோரிடம் காசநோய் தோன்றியதை விரிவாகப் பதிவு செய்தனர். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், உறங்குநிலைக் காசநோய் உள்ளதா எனச் சோதித்த பின்னரே இம்மருந்தைத் தொடங்க வேண்டும். ஊசி வழி மருந்துகளின் விலையும் மற்றொரு தடையாக இருந்தது. 2014 இல் அடாலிமுமாபின் ஒப்புமை மருந்தை உலகில் முதலாவதாக இந்திய நிறுவனமான சைடசு வெளியிட்டது.

விழுப்புரமும் திண்டிவனமும்

இந்தியாவில் இந்நோயின் பரவலை அளந்த ஆய்வுகளுள் இரண்டு அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. 1993 இல் மாளவியா குழுவினர் தில்லியை அடுத்த ஊர்களில் வயது வந்தோரிடம் 0.75 விழுக்காடு எனக் கணித்தனர். புணேக்கு அருகிலுள்ள பிக்வண் சிற்றூரில் 1996 இல் அரவிந்த் சோப்ரா தொடங்கிய ஆய்வு 0.5 விழுக்காடு என்றது. கேட்பதற்குச் சிறிய எண்களே. இவ்விகிதத்தை ஏறத்தாழ இருபது இலட்சம் மக்கள் வாழும் இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குப் பொருத்தினால் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருப்பர்.

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019 இல் கள்ளக்குறிச்சி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி 2010 இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. இரு நகரங்களும் புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஜிப்மர் அமைந்துள்ள கோரிமேடு, திண்டிவனம் சாலையிலேயே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி உள்ளது. 1823 இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இந்நிறுவனம் 1964 இல் இன்றைய பெயரைப் பெற்றது.

மேலை நாட்டு நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் தமிழர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பது ஜிப்மர் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஐரோப்பியரிடம் இந்நோயுடன் வலுவாக இணைந்த மரபணு வகை டி.ஆர்.4 ஆகும், இந்தியரிடம் செய்த பல ஆய்வுகளில் டி.ஆர்.10 வகையும் முதன்மை பெறுகிறது. வீர் சிங் நேகியும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட கட்டுரைகள், தென்னிந்தியத் தமிழ் நோயாளிகளிடம் இத்தகைய மரபணுக்களையும், மெத்தோட்ரெக்சேட்டை உடல் கையாளும் மரபணுக்களையும் ஆராய்ந்தன. யாருக்கு மருந்து பலன் தரும், யாருக்குப் பக்கவிளைவு மிகும் என்பதை முன்கூட்டியே அறிவதே நோக்கம். சில தொடர்புகள் தென்பட்டன. ஆயினும் மருத்துவர் நாள்தோறும் நம்பிப் பயன்படுத்தத்தக்க ஒற்றை மரபணுச் சோதனை இன்னும் அமையவில்லை.

இவ்வட்டார மருத்துவர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 2006 இல் தமிழ்நாட்டில் சிக்குன்குன்யா பரவியபோது பலர் மாதக்கணக்கில் மூட்டு வீக்கத்துடன் துன்புற்றனர். கை, கால் மூட்டுகள் இருபுறமும் வீங்குவதால் அது முடக்கு வாதத்தை அப்படியே ஒத்திருந்தது. இரியூனியன் தீவில் நடந்த ஓர் ஆய்வு, நோய் தொற்றிப் பல மாதங்கள் கழிந்த பின்னரும் மூட்டுச் சவ்வின் பெருவிழுங்கிகளில் அத்தீநுண்மத்தின் எச்சத்தைக் கண்டது. காய்ச்சலுக்குப் பின் வந்த வலி என்று காத்திருப்போருள் சிலருக்கு உண்மையில் முடக்கு வாதம் இருக்கக்கூடும். சிட்ருல்லின் ஏறிய புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரியைக் கண்டறியும் இரத்தச் சோதனை இங்கு உதவுகிறது. இப்பிறபொருளெதிரி, மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தோன்றிவிடும் என்பதை நெதர்லாந்து, சுவீடன் நாடுகளில் சேமித்து வைத்திருந்த குருதிக்கொடை மாதிரிகள் காட்டின.

அண்மைக்கால ஆய்வுகள்

ஊடொலி உதவியுடன் நுண்ணூசியால் சவ்வின் சிறு துணுக்கை எடுத்து, ஒவ்வோர் உயிரணுவாகப் பகுத்துப் படிக்கும் முறை 2010களில் வளர்ந்தது. 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சவ்வில் பதினெட்டு வகை உயிரணுக் கூட்டங்களைப் பிரித்துக் காட்டியது. 2023 இல் அதே கூட்டுமுயற்சி, நோயாளிகளின் சவ்வழற்சியை ஆறு வகைகளாகப் பிரித்தது. நுண்ணோக்கியில் ஒருவருக்கு பி உயிரணு மிகுதி, மற்றொருவருக்கு நார்முன்னுயிரணு மிகுதி. வெளியே பார்த்தால் இருவரின் கையும் ஒன்றுபோலவே வீங்கியிருக்கும். மருந்து ஒருவருக்குப் பலித்து மற்றொருவருக்குப் பலிக்காமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

சவ்வைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்பதை 2021 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று சோதித்தது. நுண்ணோக்கியால் மட்டும் பி உயிரணு குறைவு என வகைப்படுத்தியபோது இரு மருந்துகளுக்கிடையே உறுதியான வேறுபாடு கிட்டவில்லை, ஆர்.என்.ஏ. அளவைக் கொண்டு வகைப்படுத்தியபோது ரிட்டுக்சிமாபைவிட டோசிலிசுமாப் மேம்பட்டது. முறை இன்னும் ஆய்வகத்தைச் சார்ந்ததாகவே உள்ளது.

எளிய முடிவு ஒன்று இவற்றுக்கெல்லாம் முன்பே கிடைத்துவிட்டது. வீக்கம் தொடங்கிய முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கினால் எலும்பரிப்பு பெருமளவு தடுக்கப்படுகிறது. வீக்கம் தோன்றிய ஆறு வாரங்களுக்குள் நோயாளியை மூட்டுநோய் வல்லுநர் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டுநோய்க் கழகம் பரிந்துரைக்கிறது. விரல்களின் அடிக்கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினால் வலித்தல், அரைமணிக்கும் மேலான காலை விறைப்பு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட மூட்டுகளில் வீக்கம் ஆகியவை நோயை ஐயுறுவதற்கான அறிகுறிகள். இவற்றைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.