லேபிளில் 2 டிபி... உள்ளே 32 ஜிபி!
பென் டிரைவ் வாங்குவோர் உஷார்: டுபாக்கூரைக் கண்டுபிடிக்க இலவச புரோகிராம்

சென்னை,
"ரெண்டு டிபி சார்... ஐநூறே ரூபா. ஷோ ரூம்ல போனா இந்த ரேட்டுக்கு டப்பாகூட தரமாட்டான்!"

ரெயில் நிலைய வாசல், பஸ் நிறுத்தம், மாலைநேர நடைபாதை என்று எங்கே பார்த்தாலும் இந்தக் குரல் கேட்கிறது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ். மேலே பளபளவென்று '2 டிபி' என்ற எழுத்து. நாலைந்து பேர் குனிந்து பார்க்கிறார்கள். ஒருவர் வாங்குகிறார். பார்த்துவிட்டு இன்னொருவரும் வாங்குகிறார்.

நாமும் ஒன்று வாங்கினோம்.

"பில் உண்டாப்பா?" என்று கேட்டோம். "பில்லு கேட்டா இந்த ரேட்டுக்கு வராது சார்" என்று பதில் வந்தது.

அங்கேயே சோதித்துக் காட்டவும் அவர் தயார். ஒரு பாட்டை ஏற்றினார், பாடியது. ஒரு போட்டோவை ஏற்றினார், தெரிந்தது. கம்ப்யூட்டரும் '1.81 டிபி காலி இடம்' என்று சத்தியம் செய்தது. வேறென்ன வேண்டும்? யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

மூளையைத் திருத்தும் கில்லாடிகள்

பென் டிரைவுக்குள் இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒன்று, தகவலைச் சேமிக்கும் மெமரி சிப். இன்னொன்று, அதை மேய்க்கும் கன்ட்ரோலர். 'எவ்வளவு இடம்?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் பதில் சொல்வது இந்தக் கன்ட்ரோலர்தான். அளந்து பார்க்கும் வழக்கம் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

மோசடிக்காரர்கள் கை வைப்பது இங்கேதான். உள்ளே 32 ஜிபி சிப்பைப் போட்டுவிட்டு, '2 டிபி' என்று சொல்லும்படி கன்ட்ரோலரின் புரோகிராமைத் திருத்திவிடுகிறார்கள். ஸ்கூட்டருக்கு லாரி நம்பர் பிளேட் மாட்டிய கதைதான்.

முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் ஏற்றுவது எங்கே போகிறது? சில டிரைவ்கள் முதலிலிருந்து ஆரம்பித்து, பழைய படங்களின் மேலேயே புதியவற்றை எழுதிவிடும். சில டிரைவ்கள் வாங்கியது போல பாவனை செய்துவிட்டு, ஒன்றையும் சேமிக்காது. இரண்டிலுமே 'காப்பி முடிந்தது' என்று திரையில் வரும்!

பெயர் இருக்கும்... படம் இருக்காது

இதில் இன்னொரு விபரீதம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், டிரைவின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படுகிறது. அந்தப் பகுதி நிஜமான மெமரி. ஆகவே பெயர், தேதி, அளவு எல்லாம் பட்டியலில் கச்சிதமாகத் தெரியும். திறந்தால்தான் 'கெட்டுப்போன ஃபைல்' என்று வரும்.

காப்பி செய்த கையோடு திறந்து பார்த்தாலும் சில சமயம் திறந்துகொள்ளும். காரணம், கம்ப்யூட்டர் சற்றுமுன் கையாண்ட ஃபைலைத் தன் சொந்த நினைவகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். அதிலிருந்து எடுத்துக் காட்டிவிடுகிறது. டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தால்தான் குட்டு உடையும்.

போனில் இடமில்லை என்று பேத்தியின் காதுகுத்து போட்டோக்களை இதில் ஏற்றுவார்கள். ஏறிவிட்டது என்று நம்பி போனில் அழித்துவிடுவார்கள். கடைக்காரர் ஒரு வருஷக் கணக்கை இதில் போட்டுவிட்டு, பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவார். விஷயம் தெரியவரும்போது ஆறு மாதம் ஓடியிருக்கும். அழிந்த படங்களை மீட்க போட்டோரெக் போன்ற நல்ல இலவச புரோகிராம்கள் இருப்பது வாஸ்தவம். ஆனால் எழுதப்படவே இல்லாத படத்தை யாரால் மீட்க முடியும்?

ஜெர்மன் வைத்தியம்

கண்டுபிடிக்க வழி உண்டு. காசும் செலவில்லை.

ஜெர்மனியில் 'சி.டி.' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை வெளியிட்ட 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற சின்ன புரோகிராம் பல ஆண்டுகளாகப் பேர் பெற்றது. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. திறந்து, இங்கிலீஷ் மொழியைத் தேர்ந்தெடுத்து, டிரைவைக் காட்டி, 'ரைட் பிளஸ் வெரிஃபை' பட்டனை அமுக்கினால் போதும். காலி இடம் முழுக்க ஒரு ஜிபி அளவு ஃபைல்களாக எழுதி நிரப்பும். பிறகு ஒன்று விடாமல் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். தப்பு இல்லையென்றால் சரக்கு அசல். எத்தனை ஜிபி நல்லது, எத்தனை போலி என்றும் பிட்டுப் பிட்டு வைத்துவிடும்.

ஒரே குறை, பொறுமை வேண்டும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி டிரைவுக்கு, எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதே வேகத்தில் 2 டிபி என்றால்? இரண்டு நாளும் ஏழரை மணி நேரமும்! நமக்குத் தாங்காது.

576 கட்டம்

அவசரக்காரர்களுக்காக அமெரிக்காவின் ஸ்டீவ் கிப்சன் 2023-ல் 'வேலிடிரைவ்' என்ற இலவச புரோகிராமை வெளியிட்டார். அளவு 100 கேபி கூட இல்லை; ஒரு போட்டோவைவிடச் சின்னது. டிரைவ் முழுவதையும் நிரப்பாமல், பரவலாக 576 இடங்களைத் தொட்டு எழுதிப் படித்துப் பார்க்கிறது. மெமரி இருக்கிற இடம் பச்சைக் கட்டமாகும். இல்லாத இடம் சிவப்பு. உள்ளே இருப்பதைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுமாம். இருந்தாலும் காலி டிரைவில் சோதிப்பதே உத்தமம்.

நமது ஐநூறு ரூபாய் சரக்கை இதில் செருகினோம். முதலில் வரிசையாக 9 கட்டம் பச்சை. பிறகு சிவப்பு... சிவப்பு... கடைசிவரை சிவப்பு! கணக்குப் போட்டால் உள்ளே இருப்பது சுமார் 32 ஜிபி. சில நிமிடத்தில் சாயம் வெளுத்துவிட்டது.

இந்த இரண்டில் ஒன்று போதும் என்றால் நமது ஓட்டு வேலிடிரைவுக்கே. ஆனால் கல்யாண வீடியோ மாதிரி போனால் வராத சமாசாரத்தை வைக்கப் போகிற டிரைவ் என்றால், ராத்திரி படுக்கும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூவை ஓடவிட்டுவிடுங்கள். போனில் போடும் மெமரி கார்டையும் கார்டு ரீடரில் செருகி இப்படியே சோதிக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் தெரிந்த ஜெராக்ஸ் கடையில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டையும் அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்கும் விளம்பரங்களைத் தொட வேண்டாம். அது இன்னொரு வம்பு.

கடைக்காரரோடு சண்டை வேண்டாம்

64 ஜிபி வாங்கினால் விண்டோசில் 59.6 என்றுதான் காட்டும். இது மோசடி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதேபோல் 4 ஜிபிக்கு மேற்பட்ட சினிமா ஏறவில்லை என்றால், டிரைவ் பழைய 'ஃபேட்32' முறையில் இருக்கிறது என்று அர்த்தம். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு ஃபார்மட் செய்தால் தீர்ந்தது. ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

2 டிபி பென் டிரைவே உலகத்தில் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிங்ஸ்டன் கம்பெனி 2017-லேயே ஒன்றை அறிவித்தது. ஆனால் அது கூடையில் கொட்டி விற்கிற சரக்கு அல்ல.

பசை போட்டு ஒட்டிய கார்டு

பெட்டி பெரிதாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. 30 டிபி என்று இணையத்தில் விற்ற ஒரு டிரைவை 2022-ல் அமெரிக்காவில் ஒருவர் பிரித்துப் பார்த்தார். உள்ளே இரண்டு மைக்ரோ எஸ்.டி. கார்டுகள், பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன!

பழைய ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற ஜப்பானிய இலவச புரோகிராம் கைகொடுக்கும். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். நீலம் வந்தால் நலம். மஞ்சள் வந்தால் எச்சரிக்கை. சிவப்பு வந்தால் தொடவே வேண்டாம். அந்த மணிக்கணக்கையும் பூஜ்யமாக்கிப் பழசைப் புதுசு என்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெடித்தது. கணக்கு பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது. திருகாணியில் கீறல், பெட்டியில் சீல் எல்லாம் பார்த்து வாங்குங்கள்.

பில் இருந்தால் பிடி உண்டு

கடையிலோ ஆன்லைனிலோ பில்லோடு வாங்கி ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சோதனையின் முடிவு திரையில் இருக்கும்போதே போட்டோ பிடித்து வையுங்கள். பெட்டியையும் லேபிளையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் விற்றவரிடம் கேட்க வேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பில் இல்லாத நமது டிரைவ் மேஜை டிராயரில் கிடக்கிறது. 576-ல் 9 பச்சை.